நகராண்மைக் கழகத்தின் பட்டியலில் நாம் எங்கே இருக்கிறோம்?

(குடியிருப்பாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆறு நாள் வேலை செய்துவிட்டு, கிடைத்த ஒரு நாள் ஓய்வையும் விட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டுக்கு முன்னால் கால்வாய் உடைந்து கிடக்கிறது. தெரு விளக்கு எரியவில்லை. பிள்ளைகள் விளையாடும் திடலில் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. என்ன செய்கிறோம்? கவுன்சிலரைத் தேடிப் போகிறோம், மனு கொடுக்கிறோம். மூன்று மாதம் கழித்துப் பதில் வருகிறது: "பெருந்துக்கான் தியாடா". ஒதுக்கீடு இல்லையாம். நாமும் தலையெழுத்து என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

ஒதுக்கீடு இல்லை என்றால் மன்றத்திடம் பணமே இல்லை என்று பொருள் அல்ல. இந்த ஆண்டு எதற்கெல்லாம் பணம் என்று எழுதி முடித்துவிட்டார்கள், அந்தப் பட்டியலில் உங்கள் கால்வாய் இல்லை என்று பொருள். பட்டியலை எழுதும்போது நாம் அங்கே இல்லை. எழுதி முடித்த பிறகுதான் போய் நின்றோம்.

அந்தப் பட்டியலை யார் எழுதுகிறார்கள், எப்போது எழுதுகிறார்கள், நாம் எந்த வாசல் வழியாக உள்ளே போகலாம் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

யார் எழுதுகிறார்கள்?

நம் நாட்டில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு காலத்தில் தேர்ந்தெடுத்தோம். 1950களின் இறுதியில் ஜார்ஜ்டவுன் மாநகரின் மேயராக இருந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன், நம்மவர். 1965-இல், இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த நேரத்தில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அவரும் நம்மவர்தான். தேர்தலை மீண்டும் கொண்டு வர வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் சொன்னது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.

இப்போது ஒரு மன்றத்தில் தலைவரோடு 8 முதல் 24 உறுப்பினர்கள் இருக்கலாம். மாநில அரசுதான் நியமிக்கிறது. கோலாலம்பூரில் அதுவும் கிடையாது. அங்கே டத்தோ பண்டார்தான் எல்லாம்.

நம் ஓட்டு தேவைப்படாத ஒருவருக்கு நம் கால்வாய் எப்படி ஞாபகம் வரும்? ஆனால் சட்டம் 171-இன் 10-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நியமிக்கப்படுகிறவர் தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கக் கூடியவராக இருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. உங்கள் பகுதிக் கவுன்சிலரிடம் நீங்கள் கேட்பது தயவு அல்ல. அவர் எந்த வேலைக்காக நியமிக்கப்பட்டாரோ அந்த வேலையைத்தான் கேட்கிறீர்கள்.

இன்னொன்று. நாம் கட்டும் வரி. சொந்த வீட்டுக்காரர் கதவு வரி கட்டுகிறார். வாடகைக்கு இருப்பவர் வாடகையோடு சேர்த்துக் கட்டுகிறார். யாரும் இலவசமாகக் குடியிருக்கவில்லை.

எந்தத் தாளில் எழுதுகிறார்கள்?

மன்ற அலுவலகத்துக்குள் நுழைந்தால் சுவரில் பெரிதாக 'விசி, மிசி' என்று மாட்டியிருப்பார்கள். தூய்மையான நகரம், மகிழ்ச்சியான மக்கள் என்றெல்லாம் இருக்கும். அதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மன்றத்தின் உண்மையான நோக்கம் இரண்டு தாள்களில் இருக்கிறது.

முதல் தாள் பட்ஜெட். பெரும்பாலான மன்றங்களில் அடுத்த ஆண்டு பட்ஜெட்டுக்கான வேலை இந்த ஆண்டின் நடுவிலேயே தொடங்கிவிடும். சில மன்றங்கள் அந்த நேரத்தில் மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கின்றன. ஆண்டு முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நாமோ ஜனவரி, பிப்ரவரியில் மனுவைத் தூக்கிக்கொண்டு போகிறோம். கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு மொய் எழுதப் போன கதைதான்.

கேட்டால் நடக்குமா என்று சந்தேகப்படாதீர்கள். பினாங்கில் 2012-இல் தொடங்கி, மலிவு விலை அடுக்குமாடி மக்களையே கூப்பிட்டு, ஆண்களிடமும் பெண்களிடமும் தனித்தனியாகத் தேவை என்ன என்று கேட்டு, அவர்களையே ஓட்டுப் போட வைத்துச் செலவை முடிவு செய்யும் முறையை நடத்திக் காட்டினார்கள். பிபிஆர் ஜாலான் சுங்கை மக்கள் அப்படி முடிவு செய்தவர்கள்தான். நம்மைப் போன்ற கூலித் தொழிலாளிக் குடும்பங்கள்தான்.

இரண்டாவது தாள் 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்', உள்ளூர்த் திட்டம். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ், அதாவது சட்டம் 172-இன் கீழ் தயாராவது. எந்த நிலத்தில் வீடு, எதில் தொழிற்சாலை, எதில் சாலை, எதில் பள்ளி, எதில் கோயில், எதில் சுடுகாடு என்று வர்ணம் தீட்டிய வரைபடம். பட்ஜெட்டில் விட்டதை அடுத்த ஆண்டு பிடிக்கலாம். இதில் விட்டால் பத்து, பதினைந்து ஆண்டு போய்விடும்.

இங்கே என் தவற்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் நிர்வாகத்தினர் கையில் நோட்டீசோடு என் அலுவலகத்துக்கு வந்தார்கள். தோட்டக் காலத்துக் கோயில். நான்கு தலைமுறை கும்பிட்ட அம்மன். உள்ளூர்த் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். கோயில் நின்ற இடம் சாலைக்கான வர்ணத்தில் இருந்தது. அந்த வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது ஓர் ஆட்சேபக் கடிதம்கூட நம் பக்கத்திலிருந்து போகவில்லை. அந்த அறிவிப்பை நான் பத்திரிகையில் பார்த்தேன். மேம்பாட்டாளர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். சட்டம் படித்தவன் நான். நானே அப்படி இருந்தால் இரவு வேலை முடிந்து வரும் நிர்வாகத் தலைவரை எப்படிக் குறை சொல்வது?

கடைசியில் கோயிலுக்கு மாற்று இடம் கிடைத்தது. கழிவுநீர்க் குளத்துக்குப் பக்கத்தில், பழைய இடத்தில் பாதி அளவு. பாலஸ்தாபனம் நடந்த அன்று ஒரு பாட்டி என்னிடம், "அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். என்னிடம் பதில் இல்லை.

தாளுக்கு எவ்வளவு பலம்?

கோலாலம்பூர் தாமான் ரிம்பா கியாரா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பூங்கா நிலத்தில் உயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட 2017-இல் அனுமதி கொடுக்கப்பட்டது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நகரின் கட்டமைப்புத் திட்டத்தை டத்தோ பண்டார் நினைத்தபடி ஒதுக்கி வைக்க முடியாது, விலகினால் முறையான காரணம் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதே நிலத்தில் இன்னொரு கூட்டமும் இருந்தது. புக்கிட் கியாரா தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பங்கள். தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, 1980களில் 'ரூமா பாஞ்சாங்' என்னும் தற்காலிக வீடுகளுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். நிரந்தர வீடு தருகிறோம் என்ற வாக்குறுதியோடு தலைமுறையையே கழித்தவர்கள். அந்த அடுக்குமாடித் திட்டத்தில்தான் அவர்களுக்கான வீடுகளும் சேர்க்கப்பட்டிருந்தன. திட்டம் விழுந்ததும் அவர்கள் மீண்டும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பூங்காவுக்காகப் போராடியவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கையில் சட்டப்படியான திட்டம் இருந்தது. நம் மக்கள் கையில் தலைவர்கள் கொடுத்த வாக்குறுதி இருந்தது. நீதிமன்றம் எழுதியதைத்தான் படிக்கும்.

இனி என்ன செய்வது?

ஒன்று. இந்தத் தாமானில் நான்கு பேர் கொண்ட குழுவை இன்றே அமையுங்கள். அதில் இரண்டு பேர் பெண்களாக இருக்கட்டும். கால்வாய் எங்கே உடைந்திருக்கிறது, விளக்கு எங்கே எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டு. தேவைகளை எழுதி, படம் எடுத்து, முக்கியமான மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். முப்பது கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ஜூன் மாதத்துக்குள் மன்றத்துக்கு அனுப்புங்கள். பிரதியில் 'தெரிமா' முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

மூன்று. முழு மன்றக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தால் தவிர, அது பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று சட்டம் 171-இன் 23-ஆம் பிரிவு சொல்கிறது. பேச முடியாது. ஆனால் பின்வரிசையில் நம் முகம் பத்து தெரிந்தால் முன்வரிசையில் இருப்பவருக்கு ஞாபகம் வரும்.

நான்கு. வரைவு உள்ளூர்த் திட்டம் பார்வைக்கு வந்தால், நம் கோயில், தமிழ்ப்பள்ளி, சுடுகாடு, குடியிருப்பு நான்கும் எந்த வர்ணத்தில் இருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். தவறாக இருந்தால் கெடு முடிவதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். நேரில் விளக்கம் தர விரும்புகிறோம் என்ற வரியையும் சேருங்கள். அந்த வரி இருந்தால்தான் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். மலாய் மொழியில் எழுதத் தெரியவில்லை என்றால், படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். இல்லையென்றால் என்னிடம் வாருங்கள். கட்டணம் கிடையாது.

அந்தப் பாட்டிக்கு நான் கொடுக்க முடியாத பதிலை உங்களுக்கு இன்று முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். கூட்டம் முடிந்ததும் குழுவுக்குப் பெயர் எழுதும் நோட்டு வாசலில் இருக்கும். எழுதிவிட்டுப் போங்கள்.