நம்ம நோட்டும் சாட்சி சொல்லும்

(லால்குடியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



டைரி எழுதுவது பற்றிப் பேசச் சொன்னாங்க. டைரின்னதும் தனி அறை, மேசை, விளக்கு, தூக்கம் வராத ஒரு மனுசன்னுதான் நம்ம மனசுல படம் ஓடுது. சேரியில அதுக்கு இடமும் இல்ல, நேரமும் இல்லன்னு நாம ஒதுக்கி வச்சுட்டோம். நான் பேசப்போற டைரி வேற.

நம்மைப் பற்றி யார் யார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காவல் நிலையத்தில் பொது நாட்குறிப்பு இருக்கிறது. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக வழக்கு நாட்குறிப்பு எழுதுகிறார்கள். நம்ம ஆள் மேல பொய் வழக்குப் போட்டாலும், அதைக் கேட்டுப் பார்க்க அவருக்குப் பொதுவாக உரிமை கிடையாது. பண்ணை வீட்டில் பற்று வரவு நோட்டு. எத்தனை மரக்கால் நெல் அளந்தேன், எவ்வளவு முன்பணம் கொடுத்தேன் என்று ஆண்டை தன் கையால் எழுதிக்கொண்ட கணக்கு. தகராறு வந்தால் அவர் நோட்டை விரிப்பார். நம்ம தாத்தா எதை விரிப்பார்? வெறுங்கையைத்தான் விரித்தார்.

தமிழில் நாட்குறிப்பு என்றதும் எல்லோரும் சொல்கிற பெயர் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளெக்ஸிடம் துபாஷாக இருந்தவர். 1736இல் தொடங்கி 1761 வரை எழுதியிருக்கிறார். அதை நாம் படிக்க வேண்டும். 1745 அக்டோபரில் ஒரு செய்தி வருகிறது. புதுச்சேரி சம்பாக் கோவிலில், பறையர் கிறிஸ்தவர்களைச் சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து பிரிக்க உள்ளேயே ஒரு சுவர் இருந்தது. நம்ம ஆட்கள் பாதிரியாரிடம் போய் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் தகராறுக்கு வந்தார்கள். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 2008இல் சுவரின் ஒரு பகுதியை இடித்தபோது நடந்த கதைக்கு அப்போதே முன்கதை இருக்கிறது.

ஆனால் இது நமக்குத் தெரிய வந்தது ஒரு துபாஷ் எழுதியதால். முறையிடப் போகிறதுக்கு முந்தின ராத்திரி சேரியில் என்ன பேசினார்கள், யார் பயந்தார், யார் தைரியம் சொன்னார், பெண்கள் என்ன சொன்னார்கள்? அதெல்லாம் துபாஷுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் கையில் எழுத்தாணி இல்லை.

பிறகு எழுத்து நம் கைக்கு வந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1939இல் தன் ஜீவிய சரித்திரத்தைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அந்த இதழ்களைச் சிலர் பத்திரமாக வைத்திருந்ததால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க முடிந்தது. எழுதுறது பாதி வேலை; கறையானுக்குக் கொடுக்காமல் காப்பாத்துறது மீதி வேலை.

பாபாசாகேப் அம்பேத்கர் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ சின்ன நூல்தான். அவர் மறைவுக்குப் பிறகு, 1990இல் அச்சானது. 1901இல், ஒன்பது வயதில், தகப்பனாரைப் பார்க்கக் கோரேகானுக்குப் போன கதை அதில் இருக்கிறது. மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் வரவில்லை. இரட்டைக் கூலி கொடுக்க வேண்டும், வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும் என்ற பேரில்தான் வண்டி கிடைத்தது. கூடை நிறையச் சோறு இருந்தும், வழியில் தண்ணீர் கிடைக்காமல் பட்டினி கிடந்தார்கள். இதைப் பாபாசாகேப் கூச்சல் போட்டுச் சொல்லவில்லை. எந்த ஊர், என்ன கூலி, யார் என்ன கேட்டார் என்று வரிசையாக வைக்கிறார். படிக்கிறவன் தப்பிக்க முடியாது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். திண்ணியம் இதே லால்குடி வட்டம்தான். வீடு வாங்கித் தருவதாகச் சொல்லி வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு தலித் தமுக்கடித்துச் சொன்னார். அதற்காக 2002 மே மாதம் அவரைக் கொடுமைப்படுத்தினார்கள். அவருக்குத் துணை நின்ற இரண்டு தலித்துகளை ஒருவர் வாயில் ஒருவர் மலத்தைத் திணிக்கச் செய்தார்கள். நாடே காறித் துப்பிய கொடுமை. இப்படிப்பட்ட வழக்குகள் வருசக்கணக்கில் இழுக்கும். கூண்டில் ஏறினால் வக்கீல் என்ன கேட்பார்? எத்தனை மணிக்கு? யார் எந்தப் பக்கம் நின்றார்? முதல் நாளே ஏன் சொல்லவில்லை? மானம் போன ஆளால் மணி பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? ஆனா கோர்ட் மணியைத்தான் கேட்குது.

அதுக்குத்தான் நோட்டு. சம்பவம் நடந்த உடனேயோ, ஞாபகம் மங்காத காலத்துக்குள்ளோ சாட்சி தானே எழுதி வைத்ததைப் பார்த்து, கூண்டில் நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் 159ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்த பிறகும் அந்த ஏற்பாடு இருக்கிறது. அதே நேரம், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், குறுக்கு விசாரணை செய்யலாம். அதனால கோபத்துல ஒன்றைப் பத்தாக்கி எழுதாதீங்க. அந்த ஒரு வரியைப் பிடித்து மொத்த உண்மையையும் பொய்யாக்கிவிடுவார்கள்.

தைத்த நோட்டாக வாங்குங்கள். தாளைக் கிழிக்காதீர்கள். தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், கூட இருந்தவர்கள். சாதியைச் சொல்லித் திட்டினால், அசிங்கமாக இருந்தாலும் அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள். புகார் கொடுத்தால் என்றைக்கு, எந்த அதிகாரியிடம், ரசீது கொடுத்தாரா, இல்லை என்றால் என்ன சொல்லி அனுப்பினார், எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். வாயால் சொன்ன புகாரை எழுதிய அதிகாரி, கையெழுத்து வாங்கும் முன் அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. 2016 ஜனவரி 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. படித்துக் காட்டினாரா, இல்லையா? அதையும் எழுதுங்கள்.

போலீஸ் கையில் நோட்டு சிக்கினால் என்ன செய்வது என்று தோழர்கள் கேட்பது நியாயமான பயம். கூட்டம் எங்கே, யார் வந்தார் என்ற இயக்கச் செய்திகளை இதில் கலக்காதீர்கள். ஒரு பெண்ணுக்கு நடந்ததை அவள் சம்மதம் இல்லாமல் எழுதாதீர்கள். சம்மதித்தால், அவள் சொன்னபடி எழுதி அவளுக்கே படித்துக் காட்டுங்கள்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்றேன். நடவுக்குப் போயிட்டு வர்ற அம்மாகிட்ட ராத்திரி ஒரு பத்து நிமிசம் உட்காருங்க. இன்னைக்கு எந்த வயல், எத்தனை ஆள், கூலி என்ன, பாக்கி என்ன, டீ எதுல கொடுத்தாங்கன்னு கேளுங்க. அம்மா கேலி பேசிச் சிரிச்சதையும் எழுதுங்க. அடி வாங்கினது மட்டும் நம்ம வாழ்க்கை இல்ல.

நாளைக்கு நம் பேரப்பிள்ளை இந்த ஊரின் வரலாற்றைத் தேடி வருவான். அவனுக்கு ஆண்டையின் கணக்குப் புத்தகமும் காவல் நிலையத்துக் காகிதமும் மட்டும் கிடைக்கக் கூடாது. வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுத்து இன்றைய தேதியைப் போடுங்கள்.

ஜெய் பீம்!