சுவர் கட்டிக் கொண்ட பூசணம்
(ஒரு வாசகசாலையில் செய்த சொற்பொழிவு)



ஊறுகாய்ப் பானையிலும் நனைந்த செருப்பிலும் பிடிக்கும் பூசணத்தைப் பற்றி ஒரு கூட்டம் போட்டுப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த சில பூசணங்கள் இன்று பெரிய ஆஸ்பத்திரிகளையே திகைக்க வைத்துக் கொண்டிருக்கின்றன. 2009-ம் வருஷத்தில் ஜப்பான் தேசத்தில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்த பூசணத்துக்குக் காண்டிடா ஆரிஸ் என்று பெயரிட்டார்கள். ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. அது இன்று இந்தியா உள்பட அநேக தேசங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் பரிசோதித்தவைகளில் சுமார் 100-க்கு 90 பங்கு, வழக்கமாய்க் கொடுக்கும் புளூகோனசோல் மருந்துக்கு அசைவதேயில்லை. 2022-ல் உலக சுகாதார ஸ்தாபனம் கவனிக்க வேண்டிய 19 வகைப் பூசணங்களுக்கு ஒரு ஜாபிதா போட்டபோது, இதை மிக அபாயமான வகுப்பில் வைத்தது.

மருந்து ஏன் பலிக்கவில்லை என்று கேட்டால், நம்மவர்கள் உடனே தலைவிதி, கெட்ட காலம் என்று ஆரம்பித்து விடுவார்கள். காரணம் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே இருக்கிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று ஒரு படலம் இருக்கும். எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் அது போகாது. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும். பூசணமும் அப்படித்தான் செய்கிறது. தனித்தனியாய் மிதக்கும்போது மருந்துக்கு அகப்படுகிறது. நோயாளியின் ரத்தக் குழாயில் செருகிய டியூப், மூத்திர டியூப், கட்டின பல் செட்டு ஆகிய ஏதாவதொன்றில் ஒட்டிக் கொண்டு விட்டாலோ, பசை போன்ற ஒரு வஸ்துவைக் கக்கிச் சுவர் கட்டிக் கொண்டு கூட்டமாய்க் குடியேறி விடுகிறது. அந்தப் பசையிலுள்ள குளூகான் என்னும் சர்க்கரைச் சங்கிலி மருந்தைப் பிடித்து நிறுத்திக் கொள்கிறது. தப்பி உள்ளே போன கொஞ்சத்தையும் பூசணம் ஏற்றம் இறைப்பது போல் வெளியே இறைத்து விடுகிறது. இதனால் சில மருந்துகளை ஆயிரம் மடங்கு கூட்டினாலும் போதாமல் போகிறது.

மீனுக்கும் இதே தொல்லை உண்டு. குஞ்சு பொரிக்கும் தொட்டிகளில் முட்டைகளின் மேலும் காயம்பட்ட மீனின் மேலும் பஞ்சு ஒட்டினது போல் வெள்ளையாய்ப் படருவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சாப்ரோலெக்னியா என்று பெயர். பார்வைக்குப் பூசணமேயொழிய, பிறப்பில் அது பழுப்புக் கடற்பாசிகளுக்கு உறவு. ஆதலால் மனிதர்களுக்குக் கொடுக்கும் பூசண மருந்துகளில் பல அதனிடம் செல்லுவதில்லை. வெகு காலம் மாலகைட் பச்சை என்னும் சாயத்தைக் கொட்டி அடக்கி வந்தார்கள். சாயம் மீனின் மாமிசத்தில் தங்குகிறதென்றும், அதைத் தின்பவனுக்குப் புற்றுநோய் வரக்கூடுமென்றும் சந்தேகம் ஏற்பட்டதால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உண்ணும் மீனுக்கு அது கூடாதென்று விலக்கப்பட்டு விட்டது. இப்போது பார்மலின், ஹைட்ரஜன் பெராக்சைடு முதலியவைகளை உபயோகிக்கிறார்கள். ஆனால் தொட்டியின் சுவரிலும் குழாயிலும் படலமாய் ஒட்டியிருப்பதைத் தேய்த்துக் கழுவாமல் தண்ணீரில் மாத்திரம் மருந்து விடுவது, வேரை விட்டு விட்டு இலையைக் கிள்ளுகிற வேலைதான்.

புது வைத்தியமெல்லாம் இந்தச் சுவரைக் குறி வைத்தே நடக்கிறது. முதலாவது, வைத்தியர்கள் பூசணம் பிடித்த டியூப்பைக் கூடுமானவரை எடுத்தெறிந்து விடுகிறார்கள். சாதாரண வேலையானாலும் இதைப் போன்ற வைத்தியம் வேறில்லை. அடுத்து, எக்கினோகாண்டின் என்னும் மருந்து வகை குளூகான் உண்டாவதையே தடுக்கிறது. அதாவது கொத்தனுக்குச் சுண்ணாம்பே கிடைக்காமல் செய்து விடுகிறது. இவ்வகையில் வாரம் ஒரு முறை ஊசி போட்டால் போதுமான ரெசாபங்கின் 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2020-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு விசித்திரமான இடத்தில் மருந்து கண்டார்கள். பை போன்ற உருவமுள்ள ஒரு கடல் ஜந்துவில் குடியிருக்கும் பாக்டீரியாவிலிருந்து எடுத்த டர்பின்மைசின் என்னும் வஸ்து, எலிகளிடத்தில் காண்டிடா ஆரிஸை அடக்கியது. பூசணம் பசையை மூட்டை கட்டி வெளியே அனுப்பும் வழியையே அது அடைக்கிறது. மனிதனுக்கு மருந்தாக அது இன்னும் வரவில்லை.

இத்தகைய பரீட்சைகளுக்கு மீன் செய்யும் உபகாரத்தையும் சொல்ல வேண்டும். வட இந்திய ஓடைகளில் திரியும் சிறு வரிமீனின் குஞ்சு கண்ணாடி போலிருப்பதால், அதன் உடம்புக்குள் பூசணம் வளருவதையும் மருந்து பட்டு அழிவதையும் பூதக்கண்ணாடி வைத்து உயிரோடேயே பார்த்து விடலாம்.

மருந்து புதிது புதிதாய் வந்து கொண்டிருக்க, பழசைக் கெடுப்பது யார்? ஹாலந்து தேசத்தில் பூப்பயிருக்கு அடித்த பூசணக்கொல்லியே, நெஞ்சில் நோய் உண்டாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூசணத்துக்கு மருந்தைத் தாங்கும் வல்லமையைக் கொடுத்தது. நம் தேசத்திலோ படர்தாமரைக்குக் கடையில் தானாகவே களிம்பு வாங்கிப் பூசுகிறோம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அரிப்பு இரண்டு நாளில் நிற்கும். பூசணமோ உள்ளே சுகமாய் வளரும். டெர்பினாபின் மாத்திரைக்கும் அசையாத படர்தாமரை ஒன்று இந்தியாவில் பரவி, 2020-ல் இந்தியாவின் பெயரை வைத்தே டிரைக்கோபைட்டன் இன்டோட்டினியே என்று அழைக்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட களிம்புகளும் அதற்கு ஒரு காரணமென்று தோல் வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். வீட்டுக்குப் போனதும் அலமாரியிலிருக்கும் களிம்பை எடுத்து அதன் மேல் அச்சடித்திருப்பதை வாசியுங்கள். குளோபெட்டசால் என்றோ பெக்லோமெத்தசோன் என்றோ இருக்குமானால் அது ஸ்டீராய்டு. வைத்தியரைக் கேட்காமல் படர்தாமரைக்கு அதைத் தொடாதீர்கள்.