கண்மலர் யாருக்கு?

(எட்டயபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இந்தக் கரிசல் சீமையில் ஒருவருக்குக் கண்புரை அறுவை முடிந்து பார்வை திரும்பிவிட்டால், நம்மவர் செய்கின்ற முதற்காரியம் என்ன? இருக்கன்குடிக்குப் போய் வெள்ளியில் கண்மலர் சாத்துவது. அதற்கு அடுத்தபடியாக டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவது. இடையில் நின்று வேலை செய்த நர்சை யாராவது நினைக்கின்றார்களா? அவர் பெயராவது தெரியுமா? இதைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

அறுவை என்பது கத்தியோடு முடிகின்ற காரியமல்ல. மயக்க மருந்து தெளியும் வரை மூச்சு சீராக வருகின்றதா, நாடி எப்படி, இரத்தம் கசிகின்றதா என்று பக்கத்தில் நின்று பார்ப்பவர் யார்? டாக்டர் அடுத்த நோயாளியிடம் போய்விடுகின்றார். நர்சுதான் நிற்கின்றார். கெடுதலை முதலில் கண்டு டாக்டரைக் கூப்பிடுபவரும் அவரே.

நிற்க, இக்காலத்தில் அநேக அறுவைகளுக்குக் காலையில் வந்தவர் மாலையிலேயே வீடு திரும்பலாம். இது நேற்று முளைத்ததல்ல. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் ஜேம்ஸ் நிக்கல், குழந்தைகளுக்கு 8,988 அறுவைகள் செய்து அன்றன்றே வீட்டுக்கு அனுப்பியதாக 1909-இல் கணக்குக் கொடுத்தார். ஏழைகளின் வீட்டுக்கு எப்படித் துணிந்து அனுப்பினார்? நர்சுகள் வீடு தேடிப் போய்ப் புண்ணைப் பார்த்து வந்தார்கள். ஆகவே, படுக்கை நாள் குறையக் குறைய நர்சின் பொறுப்புக் கூடுகின்றதேயொழியக் குறையவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? இந்த எட்டயபுரத்துக்குப் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு கண் அறுவை பழகியவர். அவர் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். அந்தப் பெயரில் உள்ள பக்தி நமக்கு உடன்பாடல்ல. ஆனால், அங்கே கண்கள் திறந்தது பக்தியாலா? பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களுக்கு 2 வருஷம் பயிற்சி கொடுத்தார்கள். பார்வையை அளப்பது, நோயாளியைத் தயார் செய்வது, கருவி எடுத்துக் கொடுப்பது, பிறகு கட்டவிழ்த்து மருந்து விடுவது எல்லாம் அப்பெண்கள் கையில் வந்தன. டாக்டர் அறுப்பதை மட்டும் கவனித்ததால் ஒரு நாளில் பலருக்குப் பார்வை கிடைத்தது. பருத்தியும் மிளகாயும் பறித்து ஓய்ந்திருக்க வேண்டிய கைகள்தாம் இதைச் செய்தன!

சரி, வீட்டுக்கு வந்தபின் நடப்பதென்ன? தாய்ப்பால் விடு, பச்சிலை பிழி, விளக்கெண்ணெய் ஊற்று என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுகின்றார்கள். நர்சு சொன்னதோ, கையைக் கழுவு, கண்ணைக் கசக்காதே, தண்ணீர் படவிடாதே, சொட்டு மருந்தை நேரப்படி விடு, வலி கூடினாலும் பார்வை மங்கினாலும் உடனே ஓடிவா என்பதாகும். கண் உங்களுடையது. யார் பேச்சைக் கேட்கப் போகின்றீர்கள்?

இப்படிப்பட்டவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை என்ன? மேடையில் "தேவதை" என்கின்றோம். 2015-இல் தேர்வெழுதி அரசாங்க வேலைக்கு வந்த நர்சுகளுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியமாக இருந்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராட வேண்டியதாயிற்று. தேவதைக்குச் சம்பளம் எதற்கு என்று நினைத்தார்கள் போலும்! கல்யாணச் சந்தையிலோ, இராத்திரி வேலை பார்ப்பவள், ஆண் உடம்பைத் தொடுபவள் என்று அவர்களையே இழிவு பேசுகின்றோம். தொட்டுக் காப்பாற்றியது இனித்தது. தொட்ட கை மட்டும் தீட்டா?

ஆகையால் தோழர்களே, நர்சுக்குத் தேவதைப் பட்டம் வேண்டாம். அவர் மனிதர். நிரந்தர வேலை, நியாயமான சம்பளம், ஓய்வு நேரம் ஆகிய இவை கிடைக்கும்படி கேளுங்கள். உங்கள் பெண்களை அந்தப் படிப்புக்குத் தைரியமாக அனுப்புங்கள். அடுத்த தடவை ஆஸ்பத்திரியைவிட்டுப் புறப்படும்போது அவர் பெயரையாவது கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.