இணையத்தில் இலவசப் பாடங்கள்: நம் பிள்ளைகளுக்குப் பொருந்துகின்றனவா?



"எல்லாப் பாடமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இனி என்ன குறை?" என்று நண்பர் கேட்டார். பாதி உண்மை. மொழிப்பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தது. அதற்கு உழைத்தவர்கள் பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள். 2001இல் சென்னையில் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம், மழலைக் கல்விப் பாடங்களைப் பாட்டும் படமுமாகத் தந்தது. செய்யுள் தேடும் ஆசிரியருக்குப் பஞ்சமே இல்லை.

கணிதத்திற்கு வாருங்கள். சிலிபினில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஐந்தாம் ஆண்டு. அவன் அம்மா தமிழ்நாட்டு வலையொளிப் பாடம் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டார். நல்ல பாடம், நன்றாகச் சொல்லித் தருகிற ஆசிரியர். அதைப் பார்த்த பையன் 100,000 என்ற எண்ணை 1,00,000 என்று காற்புள்ளி இட்டு எழுதி, 'ஓர் இலட்சம்' என்று வாசித்தான். நம் தமிழ்ப்பள்ளியில் அது நூறாயிரம். பத்து நூறாயிரம் சேர்ந்தால் மில்லியன். அங்கே அது பத்து இலட்சம். அதற்கு மேலே போனால் கோடி. இரண்டு முறையும் சரிதான். ஆனால் இடமதிப்பு கற்றுக்கொண்டிருக்கும் பத்து பதினோரு வயதுப் பிள்ளைக்குக் காற்புள்ளியே இடம் மாறினால் என்ன ஆகும்? பணக் கணக்கும் அப்படித்தான். அங்கே ரூபாய், இங்கே ரிங்கிட்டும் சென்னும்.

அறிவியலில் இந்தத் தொல்லை குறைவு. இலை எந்த நாட்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. வரலாறு? 2014 முதல் நான்காம் ஆண்டிலேயே அது தனிப்பாடம். பரமேஸ்வராவையும் மலாக்கா சுல்தான்களையும் பற்றிப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தமிழில் எளிய பயிற்சி வேண்டுமென்றால், அதை வேறு நாட்டுக்காரரா வந்து செய்து தருவார்?

கல்வி அமைச்சு சும்மா இருக்கவில்லை. முன்பு ஃபுரோக் என்றொரு கற்றல் தளம் இருந்தது. அதன் பயன்பாடு ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. 2019 நடுவில் அத்திட்டம் முடிந்தது. 2020 ஜூனில் டெலிமா வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, அமைச்சு பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்கருவியும் இல்லை என்று அதில் தெரிந்தது. அப்பாவின் ஒரே கைத்தொலைபேசியில் மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் படித்த வீடுகளை இங்குள்ள ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் இலவசப் பாடம் என்றால் காணொளியோடு நின்றுவிடக் கூடாது. ஆசிரியர் அச்சிட்டுப் பிள்ளையின் கையில் கொடுக்கக்கூடிய தாளும் வேண்டும்.

பேராவில் மட்டும் 134 தமிழ்ப்பள்ளிகள். பல, ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, மக்கள் ஈப்போ போன்ற பட்டணங்களுக்கு வந்துவிட்டார்கள், பள்ளி அங்கேயே நின்றுவிட்டது. மாணவர் மிகக் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்து நடத்துவதும் உண்டு. ஓர் ஆண்டுக்குப் பாடம் நடத்தும்போது மற்ற ஆண்டுப் பிள்ளைகளின் கையில் ஏதாவது பயிற்சி இருக்க வேண்டுமே! ஆசிரியை இரவில் உட்கார்ந்து தானே தயாரிக்கிறார். அதே இரவில், அதே பாடத்திற்கு, அடுத்த தோட்டத்து ஆசிரியையும் தயாரிக்கிறார்.

நல்ல தாள்கள் புலனக் குழுக்களில் சுற்றாமல் இல்லை. யார் செய்தது, எந்த ஆண்டுப் பாடத்திட்டத்திற்குச் செய்தது, திருத்தலாமா கூடாதா, ஒன்றும் தெரியாது. மூன்று மாதம் கழித்துத் தேடினால் தாளே கிடைக்காது. பார்க்க விடுவது வேறு, மாற்றிப் பயன்படுத்த அனுமதிப்பது வேறு. யுனெஸ்கோ 2002இல் 'திறந்த கல்வி வளம்' என்று பெயர் வைத்தபோது இந்த அனுமதியையும் சேர்த்தே பேசியது. 'என் பெயரைப் போட்டு யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம்' என்று ஆசிரியர் தாளின் அடியில் ஒரு வரி எழுதினால் போதும். ரூபாய்க் கணக்கை வெள்ளிக் கணக்காக்கவும், பிழையைத் திருத்தவும் இன்னொருவருக்கு வழி பிறக்கும். பயிற்சி நூல் எழுதி விற்கும் ஆசிரியர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அது அவர்கள் உழைப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆறு ஆண்டுகள் கணிதத்தைத் தமிழில் படித்த பிள்ளை, முதல் படிவத்தில் போய் உட்கார்ந்ததும் 'பின்னம்' பெச்சாஹான் ஆகிவிடுகிறது. 'தசமம்' பெர்புலுஹான், 'விழுக்காடு' பெராத்துஸ். கணக்குத் தெரிந்த பிள்ளை, சொல் புரியாமல் கைதூக்கத் தயங்குகிறது. "தமிழ்ப்பள்ளியில் படித்ததால் பின்தங்கிவிட்டது" என்று நம்மவர்களே பேசுகிறார்கள். தமிழும் மலாயும் எதிரெதிரே நிற்கும் ஒரு சொற்பட்டியல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு, இதைத் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ யாரும் செய்ய மாட்டார்கள். அவர்களுக்கு அது தேவையில்லை.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆறாம் ஆண்டின் கடைசி மாதங்களில் இதற்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அச்சுச் செலவை ஏற்கலாம். கணிதத்தில் தொடங்குங்கள், சொற்கள் குறைவு. நான்கு ஆசிரியர்கள் சேர்ந்தால் பள்ளி விடுமுறையிலேயே முடித்துவிடலாம். அடுத்தது அறிவியல். சிலிபினில் முதல் பட்டியலைச் சரிபார்க்க நான் தயார்.