இன்று உங்களுக்கு 26 புள்ளி



1967-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தாமஸ் ஹோம்ஸும் ரிச்சர்ட் ராஹேயும், வாழ்க்கையைப் புரட்டிப்போடும் 43 நிகழ்வுகளுக்குப் புள்ளி போட்டார்கள். துணையின் மரணத்துக்கு 100, திருமணத்துக்கு 50, வேலை பறிபோனால் 47. படிப்பு முடிவதற்கு 26. அந்தக் கணக்கில் இன்று பட்டம் பெறும் உங்கள் எல்லோருக்கும் 26. வீட்டின் முதல் பட்டதாரிக்கும், மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டுப் பிள்ளைக்கும் இந்த நாள் ஒன்றுதானா? நான் ஒப்பமாட்டேன்.

கோவையில் நான் இளம் மருத்துவராக இருந்தபோது ஒரு நூற்பாலை மூடப்பட்டது. ஒரே ஷிப்டில் வேலை பார்த்த இருவர் வந்தார்கள். ஒருவர் தூக்கமில்லாமல் வாடியவர். மற்றவர் துணைக்கு வந்தவர். "முப்பது வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தனுங்க. இப்பத்தான் ராத்திரில தூங்கறேன்" என்றார் துணைக்கு வந்தவர். அதையே பிடித்துக்கொண்டு, "நீங்களும் அப்படிப் பாருங்களேன்" என்றேன். வாடியிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவனுக்குச் சொந்த வீடு இருக்குதுங்க. பசங்க சம்பாதிக்கறாங்க. எனக்கு மூணு பொண்ணுங்க."

நாம் ஒன்றைப் பார்க்கும் விதம் நம் நலத்தைத் தீர்மானிக்கிறது என்பது உண்மை. அந்தப் பார்வை வீட்டு வாடகையிலும் கடனிலும் ஊறித்தான் வருகிறது என்பதும் உண்மை. இழப்பில் இருப்பவரிடம் "நல்லதையே நினை" என்று தயவுசெய்து அவசரப்படாதீர்கள். உடற்கூறியலில் நான் தேறாத இரவு, விடுதி நண்பன் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. "வீட்டுக்கு எப்படிடா சொல்லப்போறே?" என்று கேட்டான். வலி அங்கேதான் இருந்தது.

2021-இல் ஜெர்மன் உளவியலாளர் மைக்கே லூமன் குழுவினர், ஒரு நிகழ்வை நாம் உணரும் விதத்தை ஒன்பது கூறுகளாகப் பிரித்தார்கள். முன்பே தெரிந்ததா, பிறர் கையில் இருந்ததா, மதிப்பு இறங்கியதா என்பவையும் அவற்றில் உண்டு. அதைப் படித்தபோது, தூக்கமில்லாமல் வாடிய அந்த ஆலைத் தொழிலாளிதான் நினைவுக்கு வந்தார். என்னிடம் நான்காவது முறை வந்தபோது அவர் சொன்னார்: "முப்பது வருஷம் போன கேட்டுங்க. அன்னைக்கு வாட்ச்மேன், 'நீங்க யாரு'ன்னு கேட்டானுங்க."

அழுதார். அதன் பிறகுதான் கடன் எவ்வளவு, எங்கே வாங்கியது என்று என்னிடம் கணக்குச் சொல்லத் தொடங்கினார்.