சிப் கண்டுபிடித்தவரும் எங்கள் வட்டிக் கணக்கும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"கம்ப்யூட்டர் சிப் பற்றிப் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் பி.காம். படித்தவன். 1980-களில் விழுப்புரத்தில் ரயிலேறி, திண்டிவனம் கிளைக்கு கிளார்க் வேலைக்குப் போய்வந்தவன். "கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும்" என்று சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு கோஷம் போட்டவன்!

அப்போது சேமிப்புக் கணக்கு வட்டியைக் கையால்தான் போடுவோம். ஒருமுறை அரையாண்டு முடிவில் கணக்கு 63 பைசா உதைத்தது. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், எங்கோ இலக்கங்களை மாற்றி எழுதியிருக்கிறோம் என்று சந்தேகப்படுவோம். லெட்ஜர் லெட்ஜராகத் தேடியதில், 81 பைசாவை நான் 18 என்று எழுதியிருந்தது தெரிந்தது. வீடு வந்து சேர நள்ளிரவாகிவிட்டது.

மேனேஜர் மேஜையில் மட்டும் ஒரு கால்குலேட்டர் இருக்கும். அதற்குள் இருக்கும் சிப்பை முதலில் செய்துகாட்டியவர் அமெரிக்காவின் ஜாக் கில்பி. 1958-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். கோடையில் மற்றவர்கள் விடுமுறையில் போய்விட்டார்கள். புதிதாகச் சேர்ந்த இவருக்கு லீவு இல்லை. அப்போதெல்லாம் டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர் என்று தனித்தனியாகச் செய்து, கம்பி வைத்து இணைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே துண்டில் செய்தால் என்ன என்று யோசித்தார். செப்டம்பர் 12 அன்று ஒரு ஜெர்மானியத் துண்டில் அதைச் செய்துகாட்டினார். மறு ஆண்டே ராபர்ட் நாய்ஸ், சிலிக்கானில் தொழிற்சாலைக்கு ஏற்ற வழியைச் சொன்னார். 1967-ல் கையடக்கக் கால்குலேட்டரின் முதல் மாதிரியைச் செய்ததும் கில்பியின் குழுதான்.

2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது ஆற்றிய உரையில் ஒரு விலைக் கணக்குச் சொன்னார். 1958-ல் ஒரு சுமாரான டிரான்சிஸ்டர் சுமார் 10 டாலர். 2000-ல் அதே 10 டாலருக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் கிடைத்தன! விலை இவ்வளவு விழும் என்று தாங்களே அன்று உணரவில்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார்.

கண்டுபிடித்தவருக்கே தெரியாதது, கோஷம் போட்ட எனக்கு எங்கே தெரியும்? ஆனால் என் பயம் முழுக்கத் தவறுமில்லை. 1984-ல் ரங்கராஜன் கமிட்டி வந்தது. பின்னாலேயே மெஷின் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. என் வேலை போகவில்லை. ஆனால் எங்கள் ஹாலில் இருந்த பத்து நாற்காலிகள் மூன்றாகிவிட்டன. எங்களுக்குப் பிறகு வந்து உட்கார வேண்டிய பிள்ளைகளுக்கு அந்த நாற்காலிகள் இல்லை. இன்னொரு பக்கம், பித்தளை டோக்கனோடு அரை நாள் காத்துக்கிடந்த பென்ஷன் பாட்டிக்கு இன்று நிமிடத்தில் பணம் கிடைக்கிறது. இரண்டையும் செய்தது அதே சிப்தான்.

அப்படியானால் புது நாற்காலி எங்கே? சிப்பை வடிவமைக்கும் இடத்தில். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய 'சக்தி' பிராசஸர் 2018-ல் சிப்பாக வெளிவந்தது. அதே வழியில் இஸ்ரோவுக்காக 'ஐரிஸ்' என்ற சிப் 2025-ல் வந்தது. இதைத் தயாரித்தது பஞ்சாபின் மொகாலியில் உள்ள அரசு செமிகண்டக்டர் ஆய்வகம். 'எட்டாத தூரம்' என்று நினைக்காதீர்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம் விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்தவர்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் கெட்டுப்போன கால்குலேட்டர், ரிமோட் இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சங்க அறையில் கொடுங்கள். ஞாயிறு மாலை பெரியவர்கள் கூட இருந்து, குழந்தைகள் அதைத் திறந்து பார்க்கட்டும். ஸ்க்ரூடிரைவர் என் செலவு!