கனிஷ்டப் படியும் சிரேஷ்டப் படியும்



நம் நாட்டிலே குளமும் ஆறும் உறைவதில்லை. பனிக்கட்டியை நாம் காண்பது பெரும்பாலும் குளிர்பானக் கோப்பையிலேதான். ஆகவே, உறைபனியின்மீது சறுக்கி ஆடும் கலையைப்பற்றி இன்று பேசப் புகுந்தது ஏனென்று உங்களிற் சிலர் வியக்கக்கூடும். ஆயினும், அந்தக் கலையில் எழுந்துள்ள ஒரு வினா, பிள்ளைகளை வளர்க்கும் எவருக்கும் அந்நியமானதன்று. ஆற்றல் மிக்க ஒரு பிள்ளையைப் பெரியவர்களோடு போட்டியிட எப்பொழுது அனுப்புவது? முந்தி அனுப்பினாற் கெடுவது யாது? பிந்தி அனுப்பினால் இழப்பது யாது? அரங்கேற்றத்துக்கு நாட் குறிக்கும் நட்டுவனாரும், மகளின் முகத்தைப் பார்த்து நிற்கும் தாயும் அறிந்த வினாவே இது.

பனிச்சறுக்கு நடனத்தில் இரு பெரும் படிகள் உள்ளன. ஒன்று கனிஷ்ட பிரிவு. மற்றது சிரேஷ்ட பிரிவு. கனிஷ்டருக்கென உலகப் போட்டி முதன்முதலில் 1976ஆம் ஆண்டு பிரான்சு தேசத்து மெஜேவ் நகரில் நடைபெற்றது. அதற்கு முன்னெல்லாம் சிறுவரும் பெரியவரும் ஒரே களத்தில் நின்றனர். நோர்வே நாட்டுச் சிறுமி சோனியா ஹெனி 1924ஆம் ஆண்டு சமோனி ஒலிம்பிக் போட்டியில் ஆடியபோது அவருக்கு வயது 11. ஆட்டத்தின் நடுவிலே பனியரங்கின் ஓரத்துக்கு வந்து, அடுத்து என்ன செய்வதென்று பயிற்சியாளரைக் கேட்டுச் சென்றார் என்று சொல்வார்கள். எட்டுப் பேர் ஆடிய அப்போட்டியில் அவர் எட்டாவது இடத்தையே பெற்றார். ஆனால், 1927 தொடக்கம் 1936 வரை பத்து உலகப் பட்டங்களைத் தொடர்ந்து வென்றவரும், மூன்று ஒலிம்பிக் தங்கங்களைச் சூடியவரும் அதே சோனியாதான். கடைசி இடம் அவரைக் கெடுக்கவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்பேச்சின் முடிவில் இது நமக்குப் பயன்படும்.

இரண்டு படிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது? வெளிப்பார்வைக்கு அது மிகச் சிறியது. கனிஷ்டரின் நீண்ட ஆட்டம் மூன்றரை நிமிடம். சிரேஷ்டரின் ஆட்டம் நான்கு நிமிடம். அரை நிமிடம்தானே என்று நாம் எண்ணலாம். ஆனால், முழு வேகத்தில் ஓடிக் களைத்த கால்களுக்கு அந்த அரை நிமிடம் ஒரு மலை. மூச்சுத் திணறும் வேளையிலே மேலும் ஒரு துள்ளல், மேலும் ஒரு சுழற்சி, அதற்கும் மேலாக முகத்தில் ஒரு புன்னகை. இவற்றையெல்லாம் தாங்கும் வன்மை ஓரிரு மாதத்தில் வருவதன்று.

உள்ளே நோக்கினால் வேறுபாடு இன்னும் பெரிது. துள்ளி எழுந்து அந்தரத்தில் மூன்று முறை சுழன்று ஒற்றைக் காலில் இறங்கும் செயல் முழுவதும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. சுழலும் பொருள் ஒடுங்க ஒடுங்க அதன் வேகம் மிகும் என்பது இயற்கை விதி. பன்னிரண்டு வயதுச் சிறுமியின் உடல் ஒடுங்கியது, இலேசானது. ஆதலால் அவள் பம்பரம்போற் சுழல்கிறாள். பருவமடைந்து உயரமும் அகலமும் கூடும்போது, அதே உந்துதலுக்கு அதே சுழற்சி கிடைப்பதில்லை. நேற்று எளிதாயிருந்த துள்ளல் இன்று கைவிட்டுப் போகிறது. பல பெண்கள் தம் கலையை மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டியவர்களாகின்றனர்.

ஆபத்து தொடங்குமிடம் இதுவே. வளர்ச்சியைப் பகையாக எண்ணும் மனம், உணவைக் குறைத்து உடலைச் சிறுபிள்ளை உடலாகவே வைத்திருக்க முயல்கிறது. உணவு குறைந்தால் எலும்பு நலிகிறது. ஒவ்வோர் இறக்கத்திலும் உடல் எடையின் பல மடங்கு விசை ஒற்றைக் காலில் வந்து விழுகிறது. நலிந்த எலும்பு அதை எத்தனை நாள் தாங்கும்? ருஷ்ய நாட்டு யூலியா லிப்னிட்ஸ்காயா 15 வயதில், 2014ஆம் ஆண்டு சோச்சி ஒலிம்பிக்கில், குழுப் போட்டித் தங்கத்துக்குப் பெருந்துணையாய் நின்றார். உலகமே அவரைப் புகழ்ந்தது. 2017ஆம் ஆண்டில், 19 வயதில், உணவு மறுப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றதை வெளிப்படையாகக் கூறிக் களத்தைவிட்டு விலகினார். அந்த நோய்க்கு எந்தப் பதக்கமும் ஈடாகாது.

இனி, துள்ளல் மட்டும் ஒருவரைச் சிரேஷ்டராக்கிவிடாது என்பதற்கு அமெரிக்க வீராங்கனை மிஷெல் குவானின் கதையே தக்க சான்று. 1992ஆம் ஆண்டில், 12 வயதினராயிருந்த அவர், பயிற்சியாளர் பிராங் கரோல் வெளியூர் சென்றிருந்த சமயம் பார்த்துச் சிரேஷ்டத் தகுதிப் பரீட்சை எழுதித் தேறிவிட்டார். திரும்பி வந்த ஆசான் சினங்கொண்டார். பின்பு, எடுத்த சுமையைச் சுமக்கத்தான் வேண்டுமென்று பயிற்சியைக் கடுமையாக்கினார். 1995ஆம் ஆண்டின் உலகப் போட்டியிலே குவான் பிழையின்றி ஆடினார். எனினும் நான்காம் இடமே கிடைத்தது. துள்ளல்கள் யாவும் இருந்தன. ஆனால் நடுவர் கண்களுக்கு அவர் குழந்தையாகவே தோன்றினார். மறு ஆண்டு சலோமி என்னும் பாத்திரத்தை ஏற்று, ஒவ்வோர் அடிவைப்பிலும் பாவம் ததும்ப ஆடி, 15 வயதில் உலகப் பட்டத்தை வென்றார். பின்னர் மேலும் நான்கு உலகப் பட்டங்கள். படி ஏறுவது வேறு, அந்தப் படியில் நிலைத்து நிற்பது வேறு என்பதை அந்த ஓராண்டு அவருக்குக் கற்பித்தது.

மறுபக்கத்து வாதத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். ‘உடல் இலேசாயிருக்கும் காலம் குறுகியது. அதைத் தவறவிட்டால் மீண்டும் வராது. ஆதலால் முந்துவதே அறிவு’ என்பர் சிலர். அவர்கள் சுட்டிக்காட்டுவது தாரா லிப்பின்ஸ்கியை. அவர் 14 வயதில் 1997ஆம் ஆண்டு உலகப் பட்டத்தையும், 15 வயதில் 1998ஆம் ஆண்டு நாகானோ ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார். குவானுக்கு அன்று வெள்ளியே கிடைத்தது. ஆண்களிலே யப்பானின் யுசுரு ஹன்யு 2010ஆம் ஆண்டு கனிஷ்ட உலகப் பட்டத்தை வென்ற கையோடு, 15 வயதிலேயே சிரேஷ்ட பிரிவுக்குச் சென்றார். அவருடைய முதல் இரண்டு கிரான்ட் பிரீ போட்டிகளிற் கிடைத்தவை நான்காம் இடமும் ஏழாம் இடமும். அவர் தளரவில்லை. 2014இலும் 2018இலும் ஒலிம்பிக் தங்கம் அவருடையதாயிற்று. ஆகவே, முந்திச் சென்றோரெல்லாம் கெட்டார் என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். ஆனால், லிப்பின்ஸ்கி தங்கம் வென்ற அதே ஆண்டிலே போட்டிக் களத்தைவிட்டு விலகினார் என்பதையும், குவான் அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் ஆடி 2003ஆம் ஆண்டில் ஐந்தாவது உலகப் பட்டத்தை வென்றார் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இத்தகைய வாதங்களுக்கிடையே சர்வதேசச் சறுக்கற் சங்கம் ஒரு வேலி அமைத்தது. பருவம் தொடங்கும் ஜூலை முதலாந் தேதிக்கு முன் 15 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது 1990களில் வந்த விதி. வேலி என்று ஒன்று இருந்தால், அதன் விளிம்பிலே யாராவது அகப்படுவது இயல்பு. யப்பானின் மாவோ அசாடா 2005ஆம் ஆண்டு டிசம்பரில் உலகின் முன்னணிச் சிரேஷ்டர்களை வென்று கிரான்ட் பிரீ இறுதிப் போட்டியில் முதலிடம் பெற்றார். ஆனால் 1990ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆந் தேதி பிறந்த அவர், 87 நாட் குறைவால் 2006ஆம் ஆண்டு டூரின் ஒலிம்பிக்கில் ஆட முடியவில்லை. அநேகர் இது அநீதி என்றனர். அசாடா காத்திருந்தார், 2010இல் ஒலிம்பிக் வெள்ளியும், மொத்தம் மூன்று உலகப் பட்டங்களும் பெற்றார்.

2022ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் இவ்விவாதத்தை உச்சத்துக்குக் கொண்டுவந்தது. 15 வயதினரான கமிலா வலியேவாவின் மாதிரியிலே தடைசெய்யப்பட்ட மருந்து காணப்பட்ட செய்தி போட்டியின் நடுவே வெளிவந்தது. உலகத்தின் கண்களெல்லாம் மொய்க்க ஆடிய அச்சிறுமி மீண்டும் மீண்டும் விழுந்து நான்காம் இடத்துக்கு இறங்கினார். 2024ஆம் ஆண்டு ஜனவரியில் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் அவருக்கு நான்காண்டுத் தடை விதித்தது. குற்றம் யாருடையது என்பது ஒருபுறமிருக்க, அந்தப் பாரத்தைச் சுமந்தது ஒரு குழந்தையின் தோள் என்பதை மறுப்பாரில்லை. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் தாய்லாந்தின் புக்கெற் நகரிற் கூடிய சங்கத்தின் மகாசபை, சிரேஷ்ட வயதைப் படிப்படியாக 17க்கு உயர்த்தத் தீர்மானித்தது. 2024-25ஆம் பருவம் முதல் 17 என்பதே விதி.

ஆகவே, இன்றைய நிலை இது: 13 வயது நிரம்பியவர் சர்வதேசக் கனிஷ்ட போட்டிகளில் ஆடலாம். 17 நிரம்பியவர் சிரேஷ்ட பிரிவுக்குச் செல்லலாம். 19 ஆகும்வரை, தனியாட்டக்காரர் கனிஷ்ட பிரிவிலேயே தங்கவும் செய்யலாம். யப்பானின் மாவோ ஷிமாடா 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கனிஷ்ட உலகப் பட்டத்தை வென்றும், 2008ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பிறந்தவராதலின் 2026ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்கு உரிய வயதை எட்டவில்லை. சட்டம் அவரைக் காக்கவைத்தது. ஆனால் சட்டம் சொல்வது ‘இதற்கு முன் போகாதே’ என்பது மட்டுமே. ‘இப்பொழுது போ’ என்று அது சொல்வதில்லை. அந்தத் தீர்மானம் பிள்ளையிடமும், பெற்றோரிடமும், ஆசானிடமும் விடப்பட்டிருக்கிறது.

அவர்கள் எதைக் கொண்டு தீர்மானிப்பது? நான்கு வினாக்களை அவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

முதலாவது, உடல் வளர்ச்சி ஓரளவு நிலைபெற்றுவிட்டதா? இதற்கு விடை கூற வேண்டியவர் வைத்தியர். எடை பார்க்கும் தராசு அன்று. வளர்ச்சியின் நடுவிலே இருக்கும் பிள்ளைக்குத் தன் துள்ளல்களை மீண்டும் கற்க அவகாசம் வேண்டும். கனிஷ்ட அரங்கு அதற்கு ஏற்ற நிழல்.

இரண்டாவது, நான்காவது நிமிடத்தில் அவள் கால்கள் என்ன செய்கின்றன? நல்ல நாளிற் செய்வதைக் கணக்கில் எடுக்கலாகாது. சாதாரண நாளில், களைத்த வேளையில் செய்வதே அவளுடைய உண்மையான தரம்.

மூன்றாவது, துள்ளல்களை நீக்கிவிட்டால் அவளுடைய ஆட்டத்திலே எஞ்சுவது யாது? சறுக்கின் ஆழமும், இசையோடு இழையும் அசைவும் எஞ்சினால், அவள் சிரேஷ்டரோடு நிற்கத் தகுந்தவள். ஒன்றும் எஞ்சாவிட்டால் இன்னும் கற்க வேண்டியிருக்கிறது.

நான்காவது வினாவே தலையாயது. போக விரும்புவது யார்? பிள்ளையா, அன்றிப் பிறரா? அமெரிக்காவின் அலிசா லியூ 2019ஆம் ஆண்டில், 13 வயதிலேயே தம் நாட்டுச் சிரேஷ்ட பட்டத்தை வென்றார். 2022ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் ஆறாம் இடம் பெற்று, உலகப் போட்டியில் வெண்கலமும் வென்றபின், 16 வயதிலேயே போதும் என்று விலகிவிட்டார். ஈராண்டு பனியரங்கை விட்டு, ஏனையோரைப்போல் வாழ்ந்து, படித்து, பின்பு தாமாகவே விரும்பித் திரும்பி வந்தார். 2025ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரில் உலகப் பட்டம் அவருடையதாயிற்று. பிறர் ஏற்றிவிட்ட படியிலிருந்து இறங்கியவர், தாமே ஏறியபோது உச்சியை அடைந்தார்.

ஐயம் நீங்காதவர்களுக்கு இடைவழியும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் இலியா மலினின் 2022ஆம் ஆண்டு மார்ச்சில் சிரேஷ்ட உலகப் போட்டியில் ஆடி ஒன்பதாம் இடம் பெற்றார். ஏப்ரிலில் கனிஷ்ட உலகப் போட்டிக்குச் சென்று பட்டம் வென்றார். ஆற்றிலே இறங்குமுன் ஒரு காலை வைத்து ஆழம் பார்த்தது போன்றது அது. 2024இல் அவர் சிரேஷ்ட உலகப் பட்டத்தையும் வென்றார்.

நேயர்களே, தொடக்கத்திலே சோனியாவின் எட்டாம் இடத்தைக் குறிப்பிட்டேன். கனிஷ்ட பிரிவில் முதல்வராய் இருந்தவர், சிரேஷ்ட பிரிவிலே புகுந்ததும் பத்தாவதாக வரக்கூடும். அன்றிரவு அழுதாலும், மறுநாட் காலை யாரும் எழுப்பாமலே எழுந்து, சறுக்குப் பாதணியின் கயிற்றைத் தானே இறுக்கிக் கட்டுவாளாயின், அந்தப் பிள்ளைக்குக் காலம் வந்துவிட்டது. பத்தாம் இடம் தன்னை வீட்டாரின் அன்புக்கு உரியவளல்லாமற் செய்துவிடும் என்று அவள் அஞ்சுவாளாயின், காலம் இன்னும் வரவில்லை. அந்த அச்சத்தைப் போக்க வேண்டிய கடமை அவளுடையதன்று, நம்முடையது.